அத்தையைக் காட்டப் போன இடங்கள்

ஐந்தாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை விடுமுறைக்காக நீங்கள் எல்லோரும் என்மேல் பொறாமைப்பட்டீர்கள். ஞாபகம் இருக்கும். பள்ளி திறந்த முதல் நாள் வேப்பமரத்தடியில் நின்று விரல் மடக்கிச் சொன்னேன்: அவிநாசிக் கோயில், பெரியபாளையம் குளம், அமராவதி முதலைப் பண்ணை, திருமூர்த்தி மலை அருவி. உங்களில் பாதிப் பேர் அந்த லீவு முழுக்க வீட்டில் உட்கார்ந்து பனியனில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள். வாயைப் பிளந்து கேட்டீர்கள்.

போன வாரம் நம் வகுப்புக் குழுவில் ஒருத்தி, தன் பிள்ளைகளோடு முதலைப் பண்ணைக் கம்பிக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைப் போட்டு, "இதையெல்லாம் நம்ம செட்டுல மொதல்ல பாத்தவ நீதான" என்று என்னைக் கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடியவில்லை. நமக்கெல்லாம் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. இனிச் சொன்னால் என்ன?

அந்த நான்கு இடங்களில் ஒன்றைக்கூட நாங்கள் பார்ப்பதற்காகப் போகவில்லை. அத்தையைக் காட்டுவதற்காகப் போனோம்.

பெருமாநல்லூரில் எங்கள் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே கம்பெனி, மேலே வீடு. கம்பெனி என்றால் பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், மூலையில் சாக்குச் சாக்காகத் துணித் துண்டுகள், அவ்வளவுதான். அத்தை அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வெளிநாட்டுக்காரன் அனுப்பிய படத்தை ஒருமுறை பார்த்தால் போதும். பழுப்பு அட்டையில் அளவு வரைந்து வெட்டி, சாயங்காலத்துக்குள் சாம்பிள் தைத்துவிடுவாள். அந்த அட்டைகள் சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கும். கையில்லாத, தலையில்லாத மனிதர்கள் நிற்பதுபோல எனக்குத் தோன்றும். ஓவர்லாக் மெஷின்கள் ஒன்றாக ஓடும்போது மேல்மாடித் தரை பாதத்தில் குறுகுறுக்கும். வீடு மாற்றியபோது அந்த அட்டைகளை எங்கே போட்டார்கள் என்று தெரியவில்லை.

அத்தையின் இடது காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே தொடங்கி முழங்கால்வரை தோல் வெளுத்திருந்தது. கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஒரு பொட்டளவு வந்ததாம். வைத்தியத்துக்காக என்று சொல்லிப் படிப்பை நிறுத்தினார்கள். கோயமுத்தூர் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் செய்யாது. எங்கள் வீட்டில் அந்த மூன்றையும் யாரும் நம்பவில்லை. அம்மா அத்தையின் துணியைத் தனியாகத் துவைக்கப் போட்டாள். அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். "குடும்பத்துல ஒருத்திக்கு இப்பிடீன்னா நாளைக்கு என்ர புள்ளைக்கும் கேள்வி வருமுங்க" என்று அவள் அப்பாவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பயம் என்னைப் பற்றித்தான்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் அத்தை மொட்டைமாடிக்குப் போவாள். கம்பெனியில் தைத்து முடித்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்த ஒரு அக்கா கூடப் போவாள். தென்காசிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். கழுத்தில் மாதா டாலர். அவள்தான் அத்தை காலில் நாட்டு வைத்தியர் கொடுத்த கறுப்பு எண்ணெயைத் தேய்த்துவிடுவாள். தேய்த்துவிட்டு அரைமணி நேரம் வெயிலில் காலை நீட்டி உட்கார வேண்டும். சில நாள் தோல் கொப்பளித்துவிடும். அந்த எண்ணெயின் கசப்பு வாடை இன்றும் எங்காவது அடித்தால் எனக்குப் பல் கூசுகிறது. அக்கா தன் முந்தானையால் விசிறிக்கொண்டே, "போதும் தாயி, எந்திரிங்க. இந்தக் காலுக்கு என்ன கொறச்சலாம்?" என்பாள். எங்கள் வீட்டில் அந்தக் காலைத் தொட்டவள் அவள் ஒருத்திதான்.

எட்டு வருடமாக அத்தை போய்வந்த தூரம் அவ்வளவுதான். கீழே, மேலே, மொட்டைமாடி. கடைக்குப் போனால் யாராவது பார்ப்பார்கள், கல்யாணத்துக்குப் போனால் யாராவது கேட்பார்கள்.

மூன்று முறை வீட்டுக்கு வந்து பெண் பார்த்தார்கள். மூன்று முறையும் கேசரி, பஜ்ஜி, காப்பி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். மூன்று முறையும் எதிர்வீட்டு அம்மா மறுநாள் வாசலில் நின்று, "ஏனுங்க, நேத்து வந்தவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. தரகர்தான் வழி சொன்னார்.

"ஊட்டுக்கு வர வேண்டாமுங்க. கோயில், கொளம், மலைன்னு வெச்சுக்கலாம். நீங்களும் டூரு போறாப்பல போங்க, அவிங்களும் வருவாங்க. புடிச்சுதுன்னாப் பேசலாம். இல்லீன்னா சாமி கும்புட்ட மாதிரி அவியவிய ஊட்டுக்குப் போயிரலாம்."

டூர் என்றால் குழந்தை வேண்டுமே. அதற்குத்தான் நான். அப்பா ஒரு வெள்ளை வேனை வாடகைக்குப் பிடித்தார். காதர்பேட்டை பனியன் வியாபாரி ஒருவரிடமிருந்து பிலிம் ரோல் கேமரா இரவல் வாங்கினார். கிளம்புவதற்கு முன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யாராச்சும் அத்தை காலைப் பத்திக் கேட்டாத் தெரியாதுன்னு சொல்லோணும் கண்ணு. என்ன?"

"சரீங்கப்பா" என்றேன்.

முதல் ஞாயிறு அவிநாசி. திருமுருகன்பூண்டியைத் தாண்டும்போது சாலையோரத்தில் சிற்பிகள் கல் கொத்தும் சத்தம் வேனுக்குள் வந்தது. அத்தை ஜன்னலைத் திறந்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள். "முடி கலையுது பாரு" என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள். கோயிலில், முதலை வாயிலிருந்து ஒரு பையன் வெளியே வருவதுபோன்ற சிற்பத்தை அத்தைதான் எனக்குக் காட்டினாள். முதலை விழுங்கிய பிள்ளையை, ஒரு அடியார் பாடி, வருடங்கள் கழித்து உயிரோடு திரும்ப வரவைத்தாராம். "உள்ள இருந்தப்ப அவன் என்ன பண்ணீட்டு இருந்திருப்பானுங்க?" என்று கேட்டேன். "இருட்டா இருந்திருக்கும்" என்றாள் அத்தை.

மாப்பிள்ளை ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர். அவருடைய அம்மா அத்தையை ஒரு பெரிய அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, "இதைக் கொஞ்சம் படி கண்ணு, எனக்குக் கண்ணாடி இல்லை" என்றார். கண்ணாடி அவர் தலையிலேயே இருந்தது. அத்தை, செருப்பை வெளியே விடவும், தேங்காயை உரிய இடத்தில் உடைக்கவும் என்று கணீரென்று கடைசி வரிவரை படித்தாள். கண்ணும் சரி, வாயும் சரி என்று தெரிந்துகொண்டார்கள்.

சந்நிதியில் எல்லோரும் கண்ணை மூடியபோது நானும் மூடினேன். அத்தையை அவர்களுக்குப் பிடிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பிடித்துவிட்டால் அடுத்த ஞாயிறு வேன் வராது.

அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு பெரியபாளையம் பழைய கோயில். அங்கே மாப்பிள்ளை வீட்டார் வரவே இல்லை. வாசலில் இரண்டு நந்திகள். ஒன்றுக்குக் காதும் கொம்பும் கிடையாது. அப்பா அந்த நந்தியருகே நின்று செல்போனைத் தூக்கித் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடினார். வெறுத்துப்போய்க் கடைசியில் பக்கத்துக் குளக்கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றார். கரை நெடுக வேலிகாத்தான் மரம். தண்ணீரின் நடுவில் காய்ந்த மரக்கிளைகளில் நூற்றுக்கணக்கான பறவைகள். அத்தை புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை கசங்கியதை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. பார்க்கத்தான் யாரும் வரவில்லையே.

"அவிநாசில என்ன வேண்டிக்கிட்ட?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குப் பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அத்தை திரும்பி அம்மா எங்கே இருக்கிறாள் என்று பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்து, "நானும் அதையேதான் வேண்டிக்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லீராத" என்றாள். அப்படி அவள் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை அப்பா படம் எடுத்தார். ரோல் கழுவி வந்தபோது அந்தப் படம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

மூன்றாவது முறை அமராவதி. பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள். உடுமலையைத் தாண்டியதும் மலை. பண்ணையில் சிமெண்டுச் சுவருக்குள் முதலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. வாயைத் திறந்தபடி அசையவே இல்லை. செத்துப்போச்சா என்று நான் கேட்டபோது ஒன்று மட்டும் மெல்ல இமைத்தது. பச்சைத் தண்ணீரின் நாற்றமும், அணைப்பக்கமிருந்து வந்த மீன் வறுவல் வாசனையும் கலந்து அடித்தன.

"இதுகளை எப்பங்க வெளிய உடுவீங்க?" என்று அத்தை அங்கிருந்த காவலாளியைக் கேட்டாள்.

"வெளிய உட்டா எங்க போகும் அம்மிணி? இதுக்கு வேளைக்குச் சோறு போடறமில்ல" என்றார் அவர்.

மாப்பிள்ளை காங்கயம் பக்கம் தோட்டக்காரர். அவருடைய அக்கா மகள் என் வயதுக்காரி. நீலச் சொக்காய் போட்டிருந்தாள். பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து பேச, நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருமையடித்தோம். அவர்கள் வீட்டுக் கிணற்றில் ஆமை இருக்கிறதாம். அவள் மாமா புல்லட் வைத்திருக்கிறாராம். அவர்கள் காளை பந்தயத்தில் ஜெயித்ததாம். நான் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். தையல் மெஷினைச் சொன்னால் அவள் சிரிப்பாள்.

"எங்கத்தை கால்ல மேகம் இருக்குது. வெள்ளையா. அது மெதுவா மேல மேல போகும்" என்றேன்.

அவள் வாயடைத்துப்போனாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை தரகர் போன் செய்தார். பெண்ணுக்கு உடம்பில் என்னமோ இருக்கிறதாமே என்று கேட்டார்களாம். அப்பா போனை வைத்தார். வீட்டு ஆட்களைத் தவிர இந்த விஷயம் தெரிந்த வெளியாள் ஒருத்திதான். அப்பா கீழே இறங்கினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் மாடிப்படியில் உட்கார்ந்து கைப்பிடிக் கம்பியின் இடைவெளி வழியாகப் பார்த்தேன்.

"நான் சொல்லல்லண்ணே. மாதா மேல சத்தியமாச் சொல்லுதேன், நான் யார்ட்டயும் சொல்லல்ல" என்றாள் செக்கிங் அக்கா.

"வேற யாரு சொல்லுவாங்க? எங்க ஊட்டு ஆளுங்களா?"

"எனக்குத் தெரியலண்ணே. தாயிய நான் அப்படி விட்டுக்குடுப்பனா?"

"நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார் அப்பா.

ஒரு வார்த்தைதான் நான் சொல்லியிருக்க வேண்டும். தொண்டைவரை வந்தது. அப்பாவின் கழுத்து நரம்பைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. அத்தையும் கட்டிங் டேபிளுக்குப் பின்னால் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளும் ஒன்றும் பேசவில்லை. அக்கா தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, சாக்குமூட்டைகளைச் சுற்றி வெளியே போனாள். மறுநாள் முதல் அத்தை தன் காலுக்குத் தானே எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

செய்தி அதற்குள் பரவியிருந்தது. அதனால்தான் அடுத்து வந்த வீட்டார் கோயில் வேண்டாம், திருமூர்த்தி மலை அருவிக்கு வாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். அப்பாவுக்கு அது புரியவில்லை. நல்ல மனிதர்கள், ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்தார்.

கோடை மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்திருந்தது. அடிவாரக் கோயிலைச் சுற்றி ஓடை கலங்கலாக ஓடியது. மேலே அருவிக்குப் பாறைப் பாதையில் ஏற வேண்டும். குரங்குகள் மரத்துக்கு மரம் கூடவே வந்தன. மாப்பிள்ளையின் அம்மா அறுபது வயதுக்காரர். மூச்சு வாங்காமல் முன்னால் ஏறினார். மாப்பிள்ளை முப்பத்தைந்து இருக்கும். மெலிந்த, சாதுவான மனிதர். தென்னந்தோப்பு உண்டு என்றார்கள். வழியில் என்னைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டார்.

பெண்கள் குளிக்கும் இடத்துக்கு வந்ததும் அந்த அம்மா கொண்டையை அவிழ்த்தார். "வா கண்ணு, நாம ஒட்டுக்காக் குளிச்சுட்டுப் போயிச் சாமி கும்புடலாம்" என்று அத்தையின் கையைப் பிடித்தார்.

"அவளுக்குச் சளிங்க. ரெண்டு நாளாக் காச்சல் வேற" என்றாள் அம்மா.

"அருவித் தண்ணிக்குச் சளி புடிக்காதுங்க. சேலையைச் செருகிக்கிட்டுச் சும்மா காலை நனைச்சுட்டு வரட்டும்."

பின்னால் படியில் கூட்டம் நெருக்கியது. முன்னால் இரும்புக் கம்பி, அதற்கப்பால் தண்ணீர். அத்தையால் ஒதுங்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்; அழு, வயிற்றுவலி என்று சொல், ஏதாவது செய் என்று அர்த்தம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். சேலையை முழங்கால்வரை தூக்கி இடுப்பில் செருகினாள். கம்பியைத் தாண்டித் தண்ணீரில் இறங்கித் திரும்பி நின்றாள்.

"பாத்துக்கங்க. இதுக்குத்தானுங்க இவ்வளவு தூரம் வந்தீங்க."

ஈரமான பாறையின் கறுப்பில் அந்தக் கால் சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரிந்தது. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். அந்த அம்மா குனிந்து நன்றாகப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். பரவால்ல கண்ணு. மேல வா."

கீழே இறங்கி வந்து கோயில் மரத்தடியில் உட்கார்ந்தபோது அவரே எல்லாம் சொன்னார். "என்ர பையனுக்கு எப்பவாச்சும் வலிப்பு வருமுங்க. மாத்திரை போட்டா நிக்குது. நான் மறைக்கப் போறதில்லை. நீங்களும் இனி மறைக்க வேண்டியதில்லை. அதுக்கு இது சரியாப் போச்சு. மருமகளை வேலைக்கு அனுப்பறது, கடைக்கு அனுப்பறதுன்னு ஒண்ணும் கெடையாதுங்க. தோட்டத்து ஊட்டுக்குள்ள ராணியாட்டம் இருக்கலாம். வெளியாளு ஒருத்தர் கண்ணும் படாது."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அவர் அழுது அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாள். "நான் தைக்கிற வேலைக்குப் போலாமுங்களா?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். "அம்மா சொல்றதுதானுங்க" என்றார்.

"அப்பிடீன்னா வேண்டாமுங்க. உங்க ஒடம்புக்காகச் சொல்லலீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள் அத்தை.

அப்பாவுக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் எழுந்துவிட்டார். "அம்மிணி, என்ன பேசற? இன்னொருத்தன் வருவானா?"

"வராட்டிப் போகுதுங்கண்ணா."

"நான் செத்துப்போனா உன்னை யாரு பாப்பாங்க?"

அந்த அம்மா அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தார். மாப்பிள்ளை மட்டும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அவருக்கு அப்புறம் யார் அமைந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்க வேண்டும்.

வேனுக்கு நடக்கும்போது அத்தை என்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். "முதலைப் பண்ணைல அந்த நீலச் சொக்காப் புள்ளைகிட்டச் சொன்னது நீதான?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். அவ நேரா என்கிட்ட வந்து, மேகத்தைக் காட்டுங்கன்னு கேட்டா. சுவத்துக்குப் பின்னால கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். தொட்டுப் பாத்துட்டு, வலிக்குமாங்கன்னா. இல்லீன்னேன்." ஈரச் சேலையின் ஓரத்தைப் பிழிந்துவிட்டு நடந்தாள். "அக்காவை நிறுத்தினப்ப நானே சொல்லியிருக்கோணும், நான்தான் காட்டினேன்னு. உங்கப்பாவைப் பாத்ததும் வாய் வரலை. உனக்கும் வந்திருக்காது."

வேன் திரும்பியது. காற்றாலைகள் ஜன்னலில் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பல்லடம் சிக்னலில் அப்பா ஓட்டுநரிடம், "இனி வண்டி வேண்டாமுங்க" என்றார். அத்துடன் ஞாயிறுகள் முடிந்தன. அத்தை மறுநாள் காலை சாம்பிள் மெஷினில் உட்கார்ந்தாள். அப்பா தங்கையிடம் வேலை விஷயம் தவிர வேறு பேச்சை நிறுத்திக்கொண்டார். பள்ளி திறந்தது. நான் உங்களிடம் வந்து விரல் மடக்கினேன்.

அப்படியே மூன்று வருடம் போனது. பிறகு ஒரு காலை, சோறாக்கிக்கொண்டிருந்த அம்மாவின் முன் வந்து நின்று அத்தை சொன்னாள்: "நங்கை, நான் அருள்புரத்துல ஒரு கம்பெனில சாம்பிள் செக்சனுக்குச் சேந்துட்டனுங்க. அங்கயே ரூம்பும் பாத்தாச்சு." எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அத்தையின் கையில் ஒரு துணிப்பை, அதில் அவளுடைய கத்தரிக்கோல். பஸ் ஸ்டாப்பில் செக்கிங் அக்கா காத்திருந்தாள். அந்தக் கம்பெனியில் அக்கா அப்போது லைன் சூப்பர்வைசர். அத்தை அவளைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டாளாம். "அத விடுங்க தாயி, எப்ப வாரீங்க?" என்றாளாம் அவள்.

பத்து நாள் கழித்து அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அருள்புரம் போனார். திட்டிக் கூட்டிவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். வாசலில் மதுரைப்பக்கத்துக் காவலாளி நோட்டை நீட்டி, "யாரண்ணே பாக்கணும்? பேரும் உறவும் எழுதுங்க" என்றார். அப்பா உறவு என்ற கட்டத்தில் அண்ணன் என்று எழுதினார். மணியடிக்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். வரவேற்பறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாம்பிள் செக்சன் தெரிந்தது. அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவரை யாராவது இப்படிக் காத்திருக்க வைத்து நான் பார்த்ததில்லை.

அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டி மெஷினில் இருந்தாள். பெடலை மிதிக்கச் சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகியிருந்தாள். இடது கால் தெரிந்தது. பக்கத்து மெஷின்களில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேர். தைத்துக்கொண்டும் சிரித்துப் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஒருவர் கண்ணும் அங்கே போகவில்லை. அப்பாவின் கண் மட்டும் அங்கேயே இருந்தது.

"கண்ணு," என்றார் மெதுவாக. "உள்ள போயி, அத்தைகிட்டச் சேலையைக் கொஞ்சம் எறக்கி உட்டுக்கச் சொல்லு. நாலு பேரு இருக்கற எடம்."

நான் எழுந்து கதவைத் திறந்து உள்ளே போனேன். மெஷின் சத்தத்தில் அத்தை நான் வந்ததைக் கவனிக்கவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினாள். கண்ணாடிக்கு அப்பால் அப்பாவைப் பார்த்தாள். அவள் கை தானாகச் சேலைக்குப் போனது.

"என்ன சொல்லச் சொன்னாரு?"

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தொண்டைவரை வந்ததை இந்த முறையும் விழுங்கினேன்.

"சாப்டீங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு மெஷினை நிறுத்திவிட்டு, சேலையை இறக்காமலேயே எழுந்து வெளியே வந்தாள். "இன்னும் இல்லீங்கண்ணா. வாங்க, ஒட்டுக்காச் சாப்பிடலாம்" என்று அப்பாவின் கையைப் பிடித்து கேன்டீனுக்குக் கூட்டிப்போனாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தட்டில் சோறு வந்ததும் சாப்பிடத் தொடங்கிவிட்டார். திட்டவும் இல்லை, வீட்டுக்கு வா என்று கூப்பிடவும் இல்லை. அதற்குப்பின் தீபாவளி, பொங்கல் என்று ஒவ்வொரு நோம்பிக்கும் அத்தை வீட்டுக்கு வந்துபோனாள்.

அப்பா மூன்று வருடத்துக்கு முன் இறந்தார். உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். தலைமாட்டில் அத்தைதான் உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அதையே சொன்னாள்: "அத்தனை கோவத்துலயும் கம்பெனிக்கே தேடி வந்து, மொத வார்த்தையா, சாப்டியான்னு கேட்டாருங்க எங்கண்ணன். வேற ஒண்ணுமே கேக்கலீங்க."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். நாலைந்து முறை கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவர எழுந்து உள்ளே போய்விட்டேன்.